குழாய்த் தண்ணீரும் வீட்டு பீரும்: கொதிக்க வைத்தால் போதுமா?

2004 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ நகரின் குடிநீர் வாரியம் கிருமி நீக்கத்துக்குக் குளோரினை விட்டுவிட்டுக் குளோராமினுக்கு மாறியது. குளோரின் நீண்ட குழாய்களில் போகும்போதே மெல்ல மெல்லத் தீர்ந்துவிடும். அதோடு அமோனியாவைச் சேர்த்து உண்டாக்கும் குளோராமினோ கடைசி வீட்டுக் குழாய் வரை தாக்குப்பிடிக்கும். மீன் தொட்டி வைத்திருந்தவர்களுக்கும் டயாலிசிஸ் மையங்களுக்கும் அது பெரிய விஷயம். வீட்டில் பீர் காய்ச்சுவோருக்கும்தான்.

அமெரிக்காவில் அது ஒளிந்து செய்யும் வேலை அல்ல. சொந்தத் தேவைக்கு வீட்டில் பீர் காய்ச்ச வழிவிட்ட சட்டத்தில் 1978 அக்டோபரிலேயே ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்டுவிட்டார். (தமிழ்நாட்டில் மதுவிலக்குச் சட்டப்படி இது குற்றம், இங்குள்ளவர்கள் படிப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.) அரை நூற்றாண்டாக வளர்ந்த இந்தப் பொழுதுபோக்கில், தண்ணீரைப் பற்றிய தவறான நம்பிக்கைகளும் கூடவே வளர்ந்திருக்கின்றன.

அவற்றில் அதிகம் கெடுதல் செய்வது இது: “எப்படியும் ஒரு மணி நேரம் கொதிக்கத்தானே போகிறது, குளோரின் எல்லாம் ஆவியாகிவிடும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பீர் காய்ச்சும் வரிசையில் கொதி முதலில் வருவதில்லை. அரைத்த மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த தானியம்) முதலில் 65 முதல் 68 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்கிறார்கள். இந்த ‘மாஷ்’ கட்டத்தில்தான் மால்ட்டின் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. தண்ணீரில் மிச்சமிருக்கும் குளோரினும் மால்ட்டின் உமியிலிருந்து இறங்கும் பீனால்களும் சேர்ந்து குளோரோபீனாலாக மாறத் தொடங்குவதும் அங்கேதான். அதன் வாடையை பிளாஸ்திரி வாடை என்பார்கள்; ஆஸ்பத்திரி வராந்தாவை நினைத்துக்கொண்டால் போதும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே நாக்கு கண்டுபிடித்துவிடும். பிறகு எவ்வளவு கொதித்தாலும், எத்தனை வாரம் பாட்டிலில் கிடந்தாலும் அது போகாது.

தண்ணீரை மட்டும் முன்கூட்டியே கொதிக்க வைத்தால்? வெறும் குளோரின் சட்டென்று வெளியேறும். வாய் அகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்கத் திறந்து வைத்தாலும் பெரும்பகுதி போய்விடும். குளோராமின் அப்படி அல்ல. இரவு முழுக்க வைத்திருந்தாலும் அசையாது. கொதிக்க வைத்தால் நெடுநேரம் கேஸ் எரிய வேண்டும். கரி ஃபில்டர் உதவும், ஆனால் தண்ணீர் அதன் வழியாக நிதானமாக இறங்க வேண்டும். சமையலறைக் குழாயின் வேகத்தில் குளோரின் பிடிபடும், குளோராமின் பிடிபடாது.

இத்தனை பாட்டுக்கும் மாற்று, சில காசு விலையுள்ள ஒரு மாத்திரை. இங்கிலாந்தின் சிப்பிங் கேம்ப்டன் ஊரில் 1920-களில் பழங்களைப் பதப்படுத்தும் ஆராய்ச்சியில் பிறந்ததால் அதற்குக் கேம்ப்டன் மாத்திரை என்று பெயர். உள்ளே இருப்பது சோடியம் அல்லது பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். சுமார் 75 லிட்டருக்கு ஒன்று போதும். 20 லிட்டர் காய்ச்சுபவர் கால் மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு நடுவே வைத்து நசுக்கி, பொடியைத் தண்ணீரில் தூவிக் கலக்குகிறார். எரிந்த தீக்குச்சியின் வாடை லேசாக எழும். சில நிமிடங்களில் குளோரின், குளோராமின் இரண்டும் காலி. “பீரில் கெமிக்கல் கலக்கலாமா?” என்று தயங்குபவர்கள் உண்டு. இந்த அளவில் மிஞ்சுவது கொஞ்சம் குளோரைடும் கொஞ்சம் சல்பேட்டும்தான்; இரண்டுமே குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே இருப்பவை. பொடியை முகர்ந்து பார்ப்பது மட்டும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

அடுத்த பயம் பி.எச். பற்றியது. பீருக்கும் அந்த எண்ணுக்கும் பழைய உறவு உண்டு: பி.எச். அளவுகோலை 1909-ல் வகுத்த சோரன்சன் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஆனால் தண்ணீரின் பி.எச். கூடுதலாக இருந்தால் பீர் கெட்டுவிடும் என்பது சரியல்ல. சான் பிரான்சிஸ்கோவையே பாருங்கள். குழாய்கள் அரிக்காமல் இருக்க அங்கே தண்ணீரின் பி.எச். 9-ஐ ஒட்டி உயர்த்தப்படுகிறது. ஆனாலும் அது சியரா நெவாடா மலைப் பனி உருகி வரும் மென்மையான நீர். கரைந்த பைகார்பனேட் மிகக் குறைவு. மால்ட் விழுந்ததும் பி.எச். தானாக இறங்கிவிடும். லண்டனின் சுண்ணாம்புப் பாறை நீரில் பி.எச். அதைவிடக் குறைவு, பைகார்பனேட்டால் வரும் காரத்தன்மையோ, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறனோ, பல மடங்கு அதிகம். மாஷ் 5.2-க்கும் 5.6-க்கும் இடையில் வந்து நிற்க விடாமல் இழுத்துப் பிடிப்பது இந்தக் காரத்தன்மைதான். வெளிர் பீர் காய்ச்ச நினைப்பவர் அங்கே சில மில்லி லாக்டிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ சேர்த்தாக வேண்டும்.

‘அப்படியானால் பாட்டில் தண்ணீர் வாங்கிவிடலாமே’ என்பதும் குருட்டு யோசனைதான். எவியான் பாட்டிலின் லேபிளில் பைகார்பனேட் லிட்டருக்கு 360 மில்லிகிராம் என்று அச்சிட்டிருக்கிறது. காசு கொடுத்துக் காரத்தன்மையை வாங்கிய கதை.

ஆர்.ஓ. தண்ணீர் பாதி சரி. மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டில் (மாஷ் முடித்துக் கெட்டியாக்கிய சாறு) காய்ச்சுபவருக்கு அது போதும். தேவையான தாதுக்கள் எக்ஸ்ட்ராக்ட்டிலேயே வந்துவிடும். முழு தானியத்தில் தொடங்குபவருக்குக் கால்சியம் லிட்டருக்கு 50 மில்லிகிராமாவது இருப்பது நல்லது.

அந்தக் கால்சியத்துக்காக ஜிப்சம் வாங்கும்போதுதான் ஊர்ப் பைத்தியம் பிடிக்கிறது. இங்கிலாந்தின் பர்ட்டன் நகர நிலத்தடி நீர் ஜிப்சப் படுகைகளின் வழியாக வருவது. ஹாப்ஸ் பூவின் கசப்பை நறுக்கென்று தூக்கிக் காட்டும் சல்பேட் அதில் ஏராளம். 1842-ல் யோசஃப் கிரோல் முதல் பில்ஸ்னரைக் காய்ச்சிய பில்சன் நகரின் நீரோ ஏறக்குறைய மழைநீர் போல. இந்த இரண்டும் உண்மை. அதை வைத்து ‘டப்ளின் தண்ணீர்’, ‘மியூனிக் தண்ணீர்’ என்று அட்டவணை போட்டு, வீட்டுப் பாத்திரத்தில் உப்புக் கொட்டுவதில்தான் கோளாறு. டப்ளின் அட்டவணை கடும் காரநீரைக் காட்டும். அங்குள்ள கின்னஸ் பீர் ஆலைக்குப் போவதோ விக்லோ மலையின் மென்னீர். பல ஊர்களின் புரூவர்கள் தங்கள் தண்ணீரைக் கொதிக்க வைத்தோ சுண்ணாம்பு சேர்த்தோ கார்பனேட்டை வீழ்படிவாக்கிய பிறகே பயன்படுத்தினார்கள். அட்டவணையில் இருப்பது ஒரு தண்ணீர், கொப்பரையில் இறங்கியது வேறு தண்ணீர்.

அளவும் முக்கியம். 20 லிட்டரில் ஒரு கிராம் ஜிப்சம் கரைத்தால் லிட்டருக்குச் சுமார் 12 மில்லிகிராம் கால்சியமும் 28 மில்லிகிராம் சல்பேட்டும் கூடும். ஸ்பூன் கணக்கு இங்கே உதவாது. சின்னத் தராசு வேண்டும்.

ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எதைச் சேர்ப்பது? அமெரிக்கக் குடிநீர் நிறுவனங்கள் ஆண்டுதோறும் ஜூலை 1-க்குள் தர அறிக்கை தர வேண்டும். ஆனால் அது உடல்நல வரம்புகளுக்காக எழுதப்படுவது. ஈயம், நைட்ரேட் இருக்கும், கால்சியமும் காரத்தன்மையும் விடுபட்டிருக்கலாம். அவற்றை வாரியத்துக்குப் போன் செய்து கேட்கலாம். குளோரினா குளோராமினா என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம். காரத்தன்மைக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு: மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் சொட்டுச் சோதனைப் பெட்டி.