நிக்கல் காயில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இ-சிகரெட்டில் வெப்பக் கட்டுப்பாடு 2014-இல் பரவத் தொடங்கியது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து நிறுவனமான எவால்வ் வெளியிட்ட ‘டிஎன்ஏ 40’ சிப்தான் அதற்கு வழிவகுத்தது. அந்தச் சிப் நம்பியிருந்தது, லிக்விடை ஆவியாக்கும் சுருளாக, அதாவது காயிலாக, சுற்றப்படும் ‘நிக்கல் 200’ என்ற கம்பியை. 99 சதவீதத்துக்கும் மேல் தூய நிக்கல். காயிலுக்குள் வெப்பமானி எதுவும் கிடையாது. கம்பி சூடேறும்போது அதன் மின்தடை உயர்கிறது. அந்த உயர்வை வைத்தே சிப் வெப்பத்தைக் கணக்கிட்டு, குறித்த அளவைத் தொட்டதும் மின்சாரத்தைக் குறைக்கிறது. இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாததால் பல தவறான நம்பிக்கைகள் உலவுகின்றன. அவற்றில் சில உடம்புக்கே கேடு.

நம்பிக்கை 1: சுவை குறைந்தால், நிக்கல் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

உண்மை: நிக்கல் உருகுவதற்கு 1,455 டிகிரி செல்சியஸ் வேண்டும். இ-சிகரெட் என்ற வேப் கருவி ஓடுவதோ 200 டிகிரியை ஒட்டி. சில நாள் பயன்பாட்டில் சுவை மாறும் அளவுக்குக் கம்பி தேய்வதில்லை. சுவையைக் கெடுப்பது கம்பியின் மேல் படியும் கறுப்புப் படிவம். கருவியில் ஊற்றும் இ-லிக்விடில் உள்ள புரொபிலீன் கிளைக்கால் 188 டிகிரியிலும் கிளிசரின் 290 டிகிரியிலும் கொதிப்பவை. இரண்டும் ஆவியாகிப் போய்விடும். இனிப்புக்காகச் சேர்க்கும் சுக்ரலோஸ் அப்படிப் போகாது. சூட்டில் சிதைந்து கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். பழைய காயிலைக் கழற்றிப் பார்த்தால், பாத்திரத்தில் அடிப்பிடித்த சர்க்கரைப் பாகு போல, சுற்றுக்குச் சுற்று கருமையாக இறுகிக் கிடக்கும். உள்ளே லிக்விடை உறிஞ்சித் தரும் பஞ்சும் பழுப்பேறியிருக்கும்.

நம்பிக்கை 2: வெப்பக் கட்டுப்பாடு இருந்தால் காயில் கெடவே கெடாது.

உண்மை: வெப்பக் கட்டுப்பாட்டின் பெரிய பலன், லிக்விட் வற்றிய பஞ்சு கருகாமல் தடுப்பது. படிவம் சேர்வதை அது தடுக்காது. சாதாரணக் கருவியில் படிவம் சேர்ந்தால் கருகல் வாடை வந்து எச்சரிக்கும். வெப்பக் கட்டுப்பாட்டில் நடப்பது வேறு. படிவம் மூடிய கம்பியிலிருந்து வெப்பம் லிக்விடுக்குச் சரியாகக் கடத்தப்படாது. கம்பி மட்டும் சட்டென்று சூடேறிவிடும். சிப் அளப்பது கம்பியின் வெப்பத்தைத்தானே தவிர, லிக்விடின் வெப்பத்தை அல்ல. ஆகவே அது மின்சாரத்தை முன்கூட்டியே குறைத்துவிடுகிறது. ஆவி மெலிகிறது, சுவை மங்குகிறது. இங்கே சுவை இழப்புதான் எச்சரிக்கை மணி.

காயிலின் ஆயுள் இத்தனை நாள் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அதைத் தீர்மானிப்பது லிக்விட். இனிப்பு மிகுந்த, அடர்நிற லிக்விட் சில நாட்களிலேயே காயிலை மூடிவிடும். இனிப்பூட்டி இல்லாத தெளிந்த லிக்விடில், பஞ்சை அவ்வப்போது மாற்றிவந்தால், அதே கம்பி பல மடங்கு நாட்கள் தாங்கும்.

நம்பிக்கை 3: சுவை குறைந்தால் வெப்பத்தை ஏற்றினால் போதும்.

உண்மை: இது பரவலான தவறு. கோளாறு, சிப் தடையை அளப்பதிலேயே இருக்கலாம். நிக்கல் காயிலின் மின்தடை மிகக் குறைவு. 0.10 ஓம் காயில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டிகிரிக்கு 0.6 சதவீதம் வீதம் தடை உயரும் என்றால், 20 டிகிரியில் 0.10 ஓமாக இருப்பது 220 டிகிரியில் 0.22 ஓம் ஆகிறது. இருநூறு டிகிரி ஏற்றமும் 0.12 ஓமுக்குள் அடங்கிவிடுகிறது. காயில் கால்களைப் பிடித்திருக்கும் திருகு சற்றுத் தளர்ந்து 0.01 ஓம் கூடினாலே, சிப்பின் கணக்கில் 16 டிகிரிக்கும் மேல் பிழை விழும். காயில் உண்மையில் இருப்பதைவிடச் சூடாக இருப்பதாக எண்ணிச் சிப் மின்சாரத்தைக் குறைக்கும். புதிய காயிலிலும் சுவை வராததற்குப் பல நேரம் இதுவே காரணம்.

எதிர்த்திசைப் பிழை இன்னும் ஆபத்தானது. காயில் சூடாக இருக்கும்போதே அதன் அடிப்படைத் தடையைக் கருவியில் பதிவுசெய்தால், திரையில் காட்டுவதைவிட உண்மையான வெப்பம் அதிகமாக இருக்கும். அதன்மேல் வெப்பத்தையும் ஏற்றினால் பஞ்சு கருகும். கிளிசரினும் கிளைக்காலும் சிதைந்து ஃபார்மால்டிஹைட், அக்ரோலின் போன்ற நச்சுகளைத் தரும். காயிலை அறை வெப்பநிலைக்கு ஆறவிட்டு, திருகை இறுக்கி, தடையை மறுபடி பதிவுசெய்வதே முதலில் செய்யவேண்டியது.

நம்பிக்கை 4: காயிலைச் செந்தணலாகக் காய்ச்சினால் சுத்தமாகிவிடும்.

உண்மை: சாதாரணக் கருவிகளில் பயன்படும் கேந்தல் கம்பியில் பழகியவர்கள் நிக்கலிலும் இதைச் செய்கிறார்கள். செய்யவே கூடாது. தூய நிக்கல் மென்மையானது. காய்ச்சினால் சுருளின் வடிவம் குலையும். அதைவிட முக்கியம், செந்தணல் சூட்டில் அதன் மேற்பரப்பு ஆக்சைடு என்ற நிக்கல் சேர்மமாக மாறுகிறது. மூச்சில் போகும் நிக்கல் சேர்மங்களை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை. படிவம் ஏறிய நிக்கல் காயிலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் சுற்றுவதுதான் முறை. கம்பியின் விலை அற்பம்.

நம்பிக்கை 5: புதுக் காயில் போட்டால் ஆவியில் உலோகம் கலக்காது.

உண்மை: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பால்டிமோரில் 56 பேரின் கருவிகளைச் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காயிலைத் தொடாத லிக்விடில் இருந்ததைவிட, காயில் வழியே வந்த ஆவியில் நிக்கல், குரோமியம், ஈயம் ஆகியவை அதிகம் இருந்தன. அடிக்கடி காயில் மாற்றப்பட்ட கருவிகளில் உலோக அளவு கூடுதலாக இருக்கும் போக்கும் தெரிந்தது. புதுக் காயில் சுவையைத் திருப்பித் தரும். பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் இல்லை. நிக்கல் நகை பட்டால் தோல் அரிக்கும் ஒவ்வாமை உள்ளவர்கள் நிக்கல் காயிலைத் தவிர்க்கவேண்டும். அவர்களுக்கு 316எல் எஃகுக் கம்பியும் மாற்றாகாது. அதிலும் 10 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கல் உண்டு.

நம்பிக்கை 6: சுவை தெரியவில்லை என்றால் கோளாறு கருவியில்தான்.

உண்மை: ஒரே வாசனையை நாள் முழுக்க இழுத்தால் மூக்கு அதற்குப் பழகிப்போகும். வேறு சுவையுள்ள லிக்விடை அதே காயிலில் ஊற்றிப் பாருங்கள். அந்தச் சுவை தெளிவாக வந்தால் காயிலில் பழுதில்லை.

இவ்வளவும் சொன்னது வேப்பிங்கை ஆபத்தில்லாததாக்க அல்ல. அப்படி ஆக்கவும் முடியாது. சிங்கப்பூரில் 2018 முதல் இந்தக் கருவியை வைத்திருப்பதே குற்றம். இந்தியாவில் 2019 முதல் இதன் தயாரிப்பும் இறக்குமதியும் விற்பனையும் தடைசெய்யப்பட்டுள்ளன. சட்டம் அனுமதிக்கும் நாடுகளில் பயன்படுத்தும் நம்மவர்களுக்குச் சொல்வது இதுதான்: சுவை போனால் வெப்பத்தை ஏற்றாதீர்கள், காயிலைக் காய்ச்சாதீர்கள், ஆறவிட்டுச் சரிபாருங்கள், கறுத்திருந்தால் மாற்றிவிடுங்கள். இதுவரை பழகாதவர்கள் தொடங்கவே வேண்டாம். பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு இந்தியாவில் கட்டணமில்லாத் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது: 1800-11-2356.