ஏரியைச் சுற்றும்போது வராத கூச்சம்!

கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறீர்கள்தானே? அந்த நட்சத்திர வடிவ ஏரியைச் சுற்றி ஒரு நடை நடந்தும் இருப்பீர்கள். சுற்றுச்சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர்! ஊரில் தெருமுனைக் கடைக்குப் போகக்கூட வண்டியை எடுக்கச் சொல்கிற நீங்களா இவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று வீட்டில் கேலி செய்திருப்பார்கள்.

அதே நீங்கள்தான், ஊர் திரும்பியதும் பக்கத்துத் தெரு ஜிம்மின் கண்ணாடிக் கதவு வரை போய், உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வரலாம்" என்று திரும்பிவிட்டீர்கள். அதே கால், அதே மூச்சு, அதே உடம்பு. பிறகு ஏன் இந்தத் தயக்கம்?

என் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்கு 47 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. டாக்டர் உடற்பயிற்சி செய்யச் சொன்னார் என்று ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டி ஒரு ஜிம்மில் சேர்ந்தார். மூன்றே நாள்! "எல்லார் முன்னாடியும் எடை மெஷின்ல நிக்க வெச்சு, எண்பத்தி ரெண்டுன்னு சத்தமா சொன்னாங்க. அந்த நம்பர் எங்க வீட்டுக்காரருக்கே தெரியாதுங்க" என்றார். பணம் போனதுகூடப் போகட்டும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டது! ஜிம்மில் நம்மை எப்படி வரவேற்கிறார்கள் என்பது வெறும் மரியாதைப் பிரச்னை இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஏரிக்கரையில் அப்படி என்ன இருக்கிறது?

மதுரை கலெக்டராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் இந்த ஏரியை உருவாக்கியபோது, தேகப்பயிற்சி சாலை ஒன்றுக்கு அடித்தளம் போடுகிறோம் என்று நினைத்திருக்க மாட்டார். ஆனால் காலை வேளையில் போய்ப் பாருங்கள். ஸ்வெட்டருக்கு மேல் சேலைத் தலைப்பைப் போர்த்திய பாட்டி, ஓட்டப் பயிற்சி செய்யும் பள்ளிப் பிள்ளைகள், வாடகை சைக்கிளில் தேன்நிலவுத் தம்பதி, குரங்குக் குல்லா மாட்டிய தாத்தா... எல்லாரும் ஒரே பாதையில், அவரவர் வேகத்தில்.

இன்னொன்று. கொடைக்கானல் சுமார் 7,000 அடி உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குகூடக் கிடையாது. அதனால் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. மேடேறினால் இருபது வயதுப் பையனுக்கும் மூச்சு வாங்கும்! எல்லாருக்கும் வாங்குகிற இடத்தில் நமக்கு மட்டும் என்ன வெட்கம்? (இதய நோய், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள் மலையேறும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.) நடுவில் உட்காரலாம். மிளகாய்த்தூள் தடவிய சோளக்கதிர் வாங்கலாம். பாதியில் திரும்பினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை.

ஏரியும் எல்லாருக்கும் ஏற்ற இடம் என்று சொல்லிவிட முடியாது. சீசனில் காரும் குதிரையும் நெருக்கியடிக்கும்போது சக்கர நாற்காலியில் ஒருவரை அழைத்துப் போய்ப் பாருங்கள், புரியும்.

அப்படியானால் நடையே போதுமே, ஜிம் எதற்கு? நல்ல கேள்வி. வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான வேகம். அதை நடையிலேயே முடித்துவிடலாம். ஆனால் அதோடு, வாரத்தில் 2 நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது அதே நிறுவனம். வயது ஏற ஏறத் தசை கரையும். மாதவிலக்கு நின்ற பிறகு எலும்பும் வேகமாகத் தேயும். கொஞ்சம் எடை தூக்கிப் பழகுவது இரண்டுக்கும் நல்லது. "வெயிட் தூக்கினா ஆம்பளை மாதிரி ஆயிடுவோமே?" என்ற பயம் வேண்டாம். அப்படித் தசை புடைக்க வைக்கும் ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு.

ஆகவே ஜிம் வேண்டும். ஏரிக்கரை போன்ற ஜிம்மாக இருக்க வேண்டும்!

பணம் கட்டும் முன்...

நீங்கள் வழக்கமாகப் போகப் போகிற நேரத்தில் போய், பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். உட்கார நாற்காலியே இல்லையா? அதுவே பாதி பதில். உங்கள் வயதில், உங்கள் உடல்வாகில் யாராவது இருக்கிறார்களா? 1 கிலோ, 2 கிலோ டம்பெல் இருக்கிறதா, அல்லது எல்லாமே பயில்வான்களுக்கானதா? சுவரில் "முன்பு - பின்பு" படங்கள் வரிசையாக இருந்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான்.

முக்கியமாக, மாஸ்டர் முதலில் என்ன கேட்கிறார்? "எத்தனை கிலோ குறைக்கணும்?" என்பது தவறான முதல் கேள்வி. "பி.பி. இருக்கா, சர்க்கரைக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்க, முட்டி வலிக்குதா, ஆபரேஷன் ஆயிருக்கா?" என்று கேட்பவர் நல்ல மாஸ்டர். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்கக் கூடாது. இன்சுலினும் சிலவகை மாத்திரைகளும் எடுப்பவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அதனால் பையில் நாலு மிட்டாய் இருக்கட்டும். நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்த வேண்டும். இதையெல்லாம் அவரே உங்களுக்குச் சொல்ல வேண்டும், நீங்கள் அவருக்குச் சொல்லும்படி இருக்கக் கூடாது.

பெண்களுக்குத் தனி நேரம் உண்டு என்பார்கள். எப்போது? பகல் 11 மணி என்றால் வேலைக்குப் போகும் பெண் என்ன செய்வாள்? பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா, செல்போனில் படமெடுக்கத் தடை உண்டா என்றும் கூச்சப்படாமல் கேளுங்கள். மாடியில் இருக்கும் ஜிம் என்றால் கைப்பிடியைப் பாருங்கள். சாய்தளமோ லிஃப்டோ இருந்தால் விசேஷம். பொதுமக்கள் வந்துபோகும் இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கும் எளிதாக இருக்க வேண்டும் என்பதுதான் 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் நோக்கமும். புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டினால், டாக்டரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவிவிடுங்கள்! பணத்தை ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள்.

ஏற்கெனவே ஜிம்முக்குப் போகிறவரா நீங்கள்? புதிதாக ஒருவர் சுவரோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றால், பேர் என்ன என்று கேளுங்கள். டிரெட்மில்லை நிறுத்துகிற பொத்தானையும் காட்டிக் கொடுங்கள். அதைக் கேட்க வெட்கப்பட்டே ஓடிப்போனவர்கள் உண்டு.

பக்கத்து வீட்டுப் பெண்மணி இப்போது இரண்டு தெரு தள்ளி வேறொரு சின்ன ஜிம்முக்குப் போகிறார். மெஷின்கள் பழசு, ஏசியும் கிடையாது. எடை பார்க்கும் மெஷினைத் தடுப்புக்குப் பின்னால் வைத்திருக்கிறார்களாம். முதல் வாரம் முழுக்க நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுவது மட்டும்தான் பயிற்சி. போன வாரம் 70 வயது மாமியாரையும் கூட்டிப் போயிருக்கிறார். "என்னைவிட அத்தை ரெண்டு தடவை கூடுதலா எழுந்தாங்க!" என்று அவருக்கு ஒரே மனத்தாங்கல்.