மைதானத்துக்கும் ஒரு நீர்ப்பாய்ச்சி வேண்டும்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கல்லூரி ஆண்டுமலர்க் கட்டுரையைப் படித்தேன். நடை நன்றாக இருக்கிறது. இரண்டே இடத்தில்தான் சிவப்பு மை எடுத்தேன். வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் 413 ரன் சேர்த்தது சேப்பாக்கத்தில் என்கிறாய். அடுத்த பக்கத்தில், மாநகராட்சி மைதானமெல்லாம் பொருட்காட்சிக்குத்தான் லாயக்கு, பெரிய ஆட்டத்துக்கு ஆகாது என்கிறாய். முதல் தவறைச் செய்யாமல் இருந்திருந்தால் இரண்டாவதை எழுத உனக்கே கை வந்திருக்காது.

அந்த 413, சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் எடுத்தது. 1956 ஜனவரி, நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட். மன்கட் 231, ராய் 173. அந்தத் தொடக்க ஜோடிச் சாதனையைத் தாண்ட உலகத்துக்கு 52 ஆண்டுகள் பிடித்தன. 2008இல் சிட்டகாங்கில் ஸ்மித்தும் மெக்கன்சியும் 415 எடுத்தார்கள். மன்கட்டின் 231ஐ ஓர் இந்தியர் தாண்டியது 1983இல். கவாஸ்கரின் அந்த 236தான் சேப்பாக்கத்தில் நடந்தது. இரண்டையும் போட்டுக் குழப்புகிறவன் நீ ஒருவனல்ல. அச்சிலேயே பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் பல்லைக் கடித்திருக்கிறேன். பழைய ஸ்கோர் அட்டைகளைக் கதைப் புத்தகம் மாதிரி படிக்கிறவனுக்கு இது ஒரு சாபம். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்டுகள் எல்லாம் அங்கேதான். சேப்பாக்கத்துக்கு அவை திரும்பியது 1967இல். மாநகராட்சியின் பெயரைத் தாங்கிய அந்த மண்தான் இன்றைய நேரு ஸ்டேடியம். 2014 முதல் அங்கே சென்னையின் எஃப்சி என்ற கால்பந்து அணி ஆடுகிறது. ஆகாத மைதானமா அது?

சரி, உன் உண்மையான கேள்விக்கு வருகிறேன். நகரத்துக்குச் சொந்தமான ஒரே மைதானத்தில் கல்லூரிப் பையன்களும் சம்பளத்துக்கு ஆடும் அணியும் எப்படி ஒத்துப்போவார்கள் என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் பாசடீனா நகரத்துக்கு ரோஸ் பவுல் என்றொரு அரங்கம் இருக்கிறது, 1922இல் கட்டியது. 1982இல் யுசிஎல்ஏ பல்கலைக்கழக அணி அங்கே ஆட வந்தது. 1996 முதல் 2002 வரை கேலக்ஸி என்ற தொழில்முறைக் கால்பந்து அணியும் அங்கேதான் ஆடியது. பிறகு அது தனக்கென்று ஓர் அரங்கம் கட்டிக்கொண்டு போய்விட்டது. வருகிறவர் வருவார், போகிறவர் போவார். மைதானம் ஊரோடு இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள பாசடீனா வரை போகவே வேண்டாம். நம் பக்கத்துக் கண்மாய் போதும். என் சிறுவயதில் பங்குனி பிறந்தால் வற்றிய கண்மாய்தான் எங்கள் ஸ்டேடியம். கருவேலங்கம்பு ஸ்டம்பு. களிமண் வெடிப்பில் விழுந்த பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்துப் பையன்கள் ஒரு கட்சி, மில் வேலைக்குப் போகும் அண்ணன்மார் ஒரு கட்சி. ஆட்டுக் கிடை வேறு. அடிதடி ஏன் வரவில்லை தெரியுமா? மழைக்காலத்தில் மடை திறந்து வயலுக்கு வயல் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற நீர்ப்பாய்ச்சி, கோடையில் எங்களுக்கும் முறை வைத்தார். காலையில் ஆடு, பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள், ஞாயிற்றுக்கிழமை அண்ணன்மார். கண்மாய் அவர் சொத்தல்ல. முறை மட்டும் அவர் கையில் இருந்தது. பொது இடத்தைக் காப்பாற்றுவது பட்டா அல்ல, முறைதான் என்பது என் கட்சி. நீ சிரித்தாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

மதுரையைப் பார். 2018இல் டிஎன்பிஎல் கிரிக்கெட் கோப்பையை வென்ற அணியின் பெயர் மதுரை பாந்தர்ஸ். அந்தத் தொடரில் மதுரைக்குள் ஓர் ஆட்டம்கூட இல்லை. பக்கத்தில் என்றால் நத்தத்தில், ஒரு கல்லூரி மைதானத்தில்தான் நடந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்கள் கல்லூரியிடம் இடம் கேட்டு வந்த கதை இது! நீ பயப்படுவதோ நேர்மாறாக, அவர்கள் வந்து உங்களைத் துரத்திவிடுவார்கள் என்று. இப்போது நிலைமை மாறியிருக்கிறது. 2025 அக்டோபரில் சிந்தாமணியில் தனியார் கிரிக்கெட் மைதானம் திறந்தார்கள். அந்த ஆண்டுக் கடைசியில் ரேஸ்கோர்ஸில் அரசின் ஹாக்கி அரங்கத்தில் ஜூனியர் உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. ஹாக்கியின் செயற்கைப் புல்லுக்கு ஆட்டத்துக்கு முன் தண்ணீர் பாய்ச்சுவார்கள், கவனித்தாயா? அங்கேயும் நீர்ப்பாய்ச்சிதான்!

மைதானம் யாருடையது என்பதோடு உன் கட்டுரை நின்றுவிட்டது. உலகக் கோப்பைக் கூட்டம் கலைந்த பிறகு வரும் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அங்கே யாருடைய முறை? அதை நேரில் போய்க் கேட்டு எழுது. காவலாளியிடம் மட்டும் கேட்காதே. மட்டையோடு வெளியே காத்திருக்கும் பையன் இருந்தால் அவனிடமும் கேள்.

சேப்பாக்கத்தை அடித்துத் திருத்திய பிறகுதான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்