நாலு பேரிடம் வேலை வாங்குகிறீர்களா? உங்களுக்குப் பத்து குறிப்புகள்

தையல் கடை, மெஸ், பலகாரக் கடை என்று நாலைந்து ஆட்களை வைத்து நடத்தும் தோழிகளே! புது ஆள் தேடிப் பழக்குவதைவிட, இருக்கிற ஆளைத் தக்கவைப்பதுதான் பெரிய சிக்கனம். தையல் கடையை வைத்துச் சொல்கிறோம். உங்கள் தொழிலுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

1. கடை திறந்ததும் அன்றைய டெலிவரியைப் பலகையில் எழுதிவிடுங்கள்: எத்தனை பிளவுஸ், யாருக்கு, எத்தனை மணிக்கு. "அது என்ன ஆச்சு, இது என்ன ஆச்சு" என்று மிஷின் பக்கத்தில் போய் நிற்கும் பழக்கம் தானாகப் போய்விடும். அவர்களுக்கும் கை ஓடும்.

2. குறை சொல்வதென்றால் தனியாகக் கூப்பிட்டு, தப்பாக வந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுங்கள். கஸ்டமர் முன்னால் கத்தினால் கடையின் பேரும் சேர்ந்து கெடும். பாராட்டை மட்டும் எல்லார் காதிலும் விழும்படி சொல்லலாம்.

3. 'நான் வெட்டினால்தான் சரியாக வரும்' என்று எல்லாக் கட்டிங்கையும் நீங்களே பிடித்துக்கொள்ளாதீர்கள். லைனிங், உள்பாவாடை என்று சுலபமானதிலிருந்து கொடுத்துப் பழக்குங்கள். அடுத்த தீபாவளி சீசனில் அளவெடுக்கவும் கணக்குப் பார்க்கவும் உங்களுக்கு நேரம் மிஞ்சும்.

4. துணி வீணானால் 'யார்?' என்று கேட்காமல் 'ஏன்?' என்று கேளுங்கள். ஜப்பானின் டொயோட்டா கம்பெனியில் ஒரு தப்புக்கு ஐந்து தடவை 'ஏன்' கேட்பது வழக்கம். கை ஏன் இறுகியது? அளவு தப்பு. ஏன் தப்பு? நோட்டில் 7 என்பது 1 மாதிரி இருந்தது. ஏன்? அவசரத்தில் கிறுக்கியது முதலாளியம்மா!

5. மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள், சட்டமும் அதைத்தான் சொல்கிறது. அட்வான்ஸுக்கு ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கி, கொடுத்த அன்றே இருவரும் கையெழுத்துப் போட்டால் பிறகு கணக்குத் தகராறு வராது.

6. ஒருத்திக்கே புடவை ஃபால்ஸ், இன்னொருத்திக்கே கஷ்டமான டிசைன் பிளவுஸ் என்று கொடுத்தால் 'அவள் செல்லப்பிள்ளை' என்ற பேச்சு வரும். வாரம் ஒருமுறை வேலையை மாற்றிக் கொடுங்கள். யார் லீவு போட்டாலும் கடை நிற்காது.

7. கவுண்டரில் நிற்பவருக்கும் ஒரு ஸ்டூல் போடுங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயமாகிவிட்டது. வெட்டித் தள்ளிய துண்டுத் துணிகளைத் திணித்துக் குஷன் தைத்துவிட்டால் செலவும் இல்லை, குப்பையும் இல்லை.

8. ராத்திரி படுக்கும்போது நாளைய வேலை ஞாபகம் வந்தால் உடனே வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் தட்டிவிடாதீர்கள். தலைமாட்டில் ஒரு சின்ன நோட்டு வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் பார்த்தால் அதில் பாதி அவசரமே இல்லை என்று தெரியும்.

9. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், பெண்களின் பாலியல் தொல்லைப் புகார்களைக் கேட்க உள் குழு அமைப்பது 2013 சட்டப்படி கட்டாயம். ஆட்கள் குறைவா? மாவட்டத்தில் இதற்கென இருக்கும் குழுவின் விவரத்தை விசாரித்து, எல்லார் கண்ணிலும் படும்படி சுவரில் ஒட்டிவிடுங்கள்.

10. வாரத்தில் ஒருநாள் டீ நேரத்தில் "எதனால் வேலை தாமதமாகுது?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை குறுக்கே பேசாதீர்கள். மழுங்கின கத்தரி, அடிக்கடி அறுகிற நூல், மினுக்கும் ட்யூப் லைட் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதில் ஒன்றையாவது மறுநாளே சரிசெய்துவிட்டால், அடுத்த வாரம் நீங்கள் கேட்காமலே சொல்வார்கள்.