காளான் குடிலில் காற்றோட்டம்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக்குப் பஞ்சமில்லை. தென்மேற்குப் பருவத்தில் மலைகளின் இடைவெளியில் புகுந்து வரும் மேல்காற்றுதான் முப்பந்தல் காற்றாலைகளைச் சுழல வைக்கிறது. ஆனால் அதே ஊரில் சிப்பிக் காளான் வளர்ப்பவரின் குடிலுக்குள் காற்றுப் பஞ்சம் ஏற்படக்கூடும். பலத்த காற்று படுக்கைகளை உலர்த்திவிடும் என்று அஞ்சிக் குடிலை முழுவதும் அடைத்துவிட்டால், உள்ளே காற்று தேங்கி மகசூல் குறையும். காற்றை அளவோடு உள்ளே விடுவதற்கு விசிறிகளைச் சரியான இடத்தில் அமைக்க வேண்டும்.

காளானும் மூச்சுவிடும்

காளான் பிராணவாயுவை எடுத்துக்கொண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. வித்திட்ட பின் இழை பரவும் 15 முதல் 20 நாட்கள் வரை அதிகக் காற்றோட்டம் தேவையில்லை. மொட்டு விட்ட பிறகு புதுக்காற்று அவசியம். கரியமில வாயு மிகுந்தால் தண்டு நீண்டு, குடை சிறுத்துவிடும். அத்தகைய காளானுக்குச் சந்தையில் நல்ல விலை கிடைக்காது. மாறாக, காற்று நேராகத் தாக்கினால் மொட்டுகள் காய்ந்துபோகும். குடையின் ஓரம் வெடிக்கும்.

எந்தச் சுவரில் எது?

இங்கு பலத்த காற்று மேற்கிலிருந்து வருவதால், காற்றை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் விசிறியைக் கிழக்குச் சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே பொருத்த வேண்டும். மேற்குச் சுவரில் வைத்தால் எதிர்க்காற்று விசிறியின் வேகத்தை முறித்துவிடும். புதுக்காற்று நுழையும் திறப்பை மேற்குச் சுவரின் அடிப்பக்கம் அமைத்து, ஈ புகாதபடி நைலான் வலையும், அதன் உட்புறம் நனைந்த சாக்குத் திரையும் கட்டலாம். சாக்கின் வழியே வரும் காற்று குளிர்ந்து, ஈரப்பதத்துடன் பரவும். ஆனி, ஆடி மாதங்களில் திறப்பைப் பாதி மூடிவைப்பது நல்லது. வடகிழக்குப் பருவத்தில் காற்றின் திசை மாறும். ஆகவே விசிறியின் வெளிப்புறம் தானே மூடிக்கொள்ளும் தகட்டு மூடி இருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் ஓட்டுவது?

20 அடி நீளம், 10 அடி அகலம், 9 அடி உயரமுள்ள குடிலின் கொள்ளளவு 1,800 கன அடி. மணிக்கு 4 முறை காற்றை மாற்ற 7,200 கன அடி வெளியேற வேண்டும். நிமிடத்திற்கு 480 கன அடி தள்ளும் விசிறியானால் மணிக்கு 15 நிமிடம் போதும். இதையும் ஒரேயடியாக ஓட்டாமல், ஐந்தைந்து நிமிடமாக மூன்று முறை ஓட்டினால் ஈரப்பதம் திடீரெனக் குறையாது.

உள்விசிறிகள்

உறிகளுக்கு நடுவே காற்று தேங்காமலிருக்க இரண்டு சிறிய சுவர் விசிறிகள் உதவும். அவற்றை எதிரெதிர் மூலைகளில் வைத்து, ஒன்று ஒரு நீளச் சுவரையொட்டியும் மற்றொன்று எதிர்ச்சுவரையொட்டியும் வீசச் செய்தால் காற்று குடிலைச் சுற்றி வரும். படுக்கைகளை நோக்கி விசிறியைத் திருப்பக்கூடாது. நீர் தெளித்த பின் சிறிது நேரம் ஓட்டினால் குடைமேல் தங்கிய நீர் வற்றும், அழுகல் குறையும்.

ஊதுபத்திச் சோதனை

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, படுக்கைகளின் நடுவே பிடித்துப் பார்க்கவும். புகை அசையாமல் நேரே மேலெழுந்தால் அங்கே காற்றோட்டம் இல்லை. விருட்டென்று கிடையாக ஓடினால் காற்று அதிகம். மெல்ல வளைந்து நகர்வதே சரியான அளவு.

ஈரமான குடிலில் மின் இணைப்பு ஆபத்தானது. நில இணைப்பும், மின்கசிவு ஏற்பட்டால் துண்டிக்கும் சாதனமும் கட்டாயம் தேவை. ஈரக்கையால் சுவிட்சைத் தொடலாகாது. காளான் தூள் இருமலை உண்டாக்குமாதலால், விசிறி வெளித்தள்ளும் காற்று வீட்டுச் சன்னலை நோக்கிச் செல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகக் குடில் அமைப்போர் சுவர் எழுப்புமுன் திருப்பதிசாரம் வேளாண்மை அறிவியல் நிலையத்தாரைக் கலந்து ஆலோசிப்பது நலம். விசிறிக்கான இடத்தை முதலிலேயே விட்டுவிட்டால், பின்னர் சுவரை இடிக்கும் செலவு மிச்சமாகும்.