பார்க்கின்சன் நோயும் இதய நரம்புகளும்: ஓர் இளம் மருத்துவருக்குக் கடிதம்



பார்க்கின்சன் நோய் மூளையோடு நின்றுவிடுவதில்லை. இதயத்துக்குச் செல்லும் நரம்புகளையும் அது அழிக்கிறது. இம்மாத இதழில் வெளியான உங்கள் பார்க்கின்சன் கட்டுரை இதை இரண்டே வரிகளில் கடந்துவிடுகிறது. எழுந்து நின்றால் வரும் தலைசுற்றல் மாத்திரையின் பக்கவிளைவு என்கிறது முதல் வரி. நோய் முற்றினால் இதயம் பலவீனமாகும் என்கிறது அடுத்தது. இரண்டும் திருத்தப்பட வேண்டியவை. சட்டைப் பொத்தானோடு போராடும் விரல்களை அக்கட்டுரை விவரிக்கும் விதம் தமிழ் மருத்துவ எழுத்தில் அபூர்வமானது. அப்படி எழுத வாய்த்த கை, இதய நரம்புகளை இவ்வளவு அவசரமாகத் தள்ளிவிட்டிருக்கக் கூடாது.

இதயத்துக்கு இரு வகை நரம்புகள் வருகின்றன. வேகஸ் நரம்பு துடிப்பைத் தணிக்கிறது. பரிவு நரம்புகள் கழுத்திலும் மேல்மார்பிலும் உள்ள நரம்பு முடிச்சுகளிலிருந்து கிளம்பி, இதயத்தின் வெளியுறையில் படர்ந்து, தசைக்குள் இறங்குகின்றன. அவற்றின் நுனிகள் சுரக்கும் நார்அட்ரினலின் துடிப்பை விரைவாக்குகிறது. பார்க்கின்சன் நோயில் பெரிதும் அழிவது இந்தப் பரிவு நரம்புகளே. மூளைச் செல்களில் திரளும் அதே ஆல்ஃபா சைனியூக்ளின் புரதம் இங்கும் திரள்கிறது. ஜப்பானில் சதோஷி ஒரிமோ குழுவினர் இறந்தவர்களின் இதயத் திசுவை ஆராய்ந்து, அழிவின் திசையையும் கண்டறிந்தனர். புரதம் முதலில் நரம்பிழையின் நுனிப்பகுதியில் திரள்கிறது. இழை அங்கிருந்து சிதையத் தொடங்குகிறது. சிதைவு பின்னரே முடிச்சை எட்டுகிறது.

உயிரோடிருப்பவரிடம் இதைப் படமாகவே பார்க்கலாம். அயோடின்-123 ஏற்றிய எம்.ஐ.பி.ஜி. என்ற பொருளை ஊசி வழியே செலுத்தினால், பரிவு நரம்பு நுனிகள் அதை நார்அட்ரினலின் என்றே எண்ணி உள்ளிழுத்துக்கொள்ளும். சற்று நேரத்தில் ஒரு படமும், 3 முதல் 4 மணி நேரம் கழித்து இன்னொரு படமும் எடுக்கிறார்கள். நலமானவரின் படத்தில் இதயம் பளிச்சென்று தெரியும். பார்க்கின்சன் நோயாளியின் படத்தில் கல்லீரல் ஒளிர, இதயம் இருக்கும் இடம் பெரும்பாலும் வெறுமையாகக் கிடக்கும். தசை துடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அதன் பரிவு நரம்புகள்தான் இல்லை. இந்த இழப்பையும் இதயத் தசையின் பலவீனத்தையும் ஒன்றாக்கி எழுதுவது வாசகரை வீணாக அச்சுறுத்தும்.

2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் டேவிட் கோல்ட்ஸ்டீன் குழுவினர் வேறொரு ஸ்கேன் முறையால், நிற்கும்போது ரத்த அழுத்தம் விழாத நோயாளிகள் பலரிடமும் இந்த நரம்பிழப்பு இருப்பதைக் காட்டினர். தூக்கத்தில் கனவுக்கேற்பக் கைகால்களை வீசுகிறவர்களிடம், நடுக்கம் தோன்றுவதற்கு முன்பே இது காணப்படுவதுண்டு. நோயறிதலுக்கும் இது உதவுகிறது: பார்க்கின்சன் போலவே தோன்றும் பல மண்டலச் சிதைவு நோயில் இதயத்தின் பரிவு நரம்புகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. 2015-ஆம் ஆண்டின் சர்வதேச நோயறிதல் வரையறை எம்.ஐ.பி.ஜி. படத்தை ஆதரவுச் சான்றாக ஏற்கிறது. ஆனால் நீரிழிவும் இதயச் செயலிழப்பும் சில மனச்சோர்வு மருந்துகளும் படத்தை மாற்றிவிடக்கூடும்.

இனித் தலைசுற்றல். ஒருவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. பரிவு நரம்புகள் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, துடிப்பையும் கூட்டி, அதைச் சரிக்கட்ட வேண்டும். இதயத்தின் நரம்புகளோடு ரத்தக்குழாய்களின் நரம்புகளும் தளர்ந்துவிட்டால் அழுத்தம் சரிகிறது. துடிப்பும் போதிய அளவு ஏறுவதில்லை. பார்க்கின்சன் மாத்திரையான லெவோடோபா அழுத்தத்தை மேலும் இறக்கக்கூடும் என்றாலும், மூலகாரணம் நோயே. பழியை மாத்திரைமேல் மட்டும் போட்டால், படிக்கும் நோயாளி மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுவார். திடீரென நிறுத்துவது கடும் விறைப்பையும் காய்ச்சலையும் கொண்டுவந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்த அழுத்தச் சரிவைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. ரத்த அழுத்தமானி போதும். ஐந்து நிமிடம் படுக்கவைத்து ஓர் அளவு. நிற்கவைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் ஒவ்வோர் அளவு. மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது நிலைமாற்றத் தாழ்வழுத்தம். பாதரச மானிக் காலத்து வார்டுகளில் மூத்த செவிலியர்கள் மானியை ஸ்டூலில் வைத்து, நோயாளியை எழுப்பி நிறுத்தி, ஒரு கையால் அவர் முதுகைத் தாங்கியபடியே அளவைச் சொல்வார்கள். பயிற்சி மருத்துவர் குறித்துக்கொள்வார். நாற்காலியில் உட்காரவைத்து ஒரே முறை அளந்து அனுப்பும் இன்றைய வழக்கம் இந்தத் தாழ்வழுத்தத்தை அப்படியே தவறவிடுகிறது. பார்க்கின்சன் பற்றி எழுதப்படும் எந்தக் கட்டுரையும் நின்றநிலை அளவைச் சொல்லாமல் முடியக் கூடாது.

அழிந்த இதய நரம்புகளை மீட்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் நோயாளிகளை விழாமல் காக்க வழிகள் உண்டு. மெதுவாக எழுவது, எழுமுன் இரண்டு டம்ளர் தண்ணீர் குடிப்பது, மருத்துவர் சொல்லும் அளவுக்கு உப்பைக் கூட்டுவது, வயிற்றுப்பட்டை கட்டுவது ஆகியவை முதல் படி. புராஸ்டேட் மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் மறுபரிசீலனை செய்வது அடுத்தது. அதற்குப் பிறகே மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் போன்ற மருந்துகள். இவர்களில் பலருக்குப் படுக்கும்போது அழுத்தம் ஏறிவிடுவதால், கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைப்பதும், மிடோட்ரினைப் படுக்கப்போகும் நேரத்தில் தராதிருப்பதும் அவசியம்.

அன்புடன்,
ஒரு மூத்த மருத்துவர்