உவர் நிலத்தில் கோதுமை: விளைச்சலின் நிலைப்பாடு

இந்தியாவில் சுமார் 67 லட்சம் ஹெக்டேர் நிலம் உப்பினால் பாதிக்கப்பட்டுள்ளது. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். களர் நிலத்திலோ சோடியம் மண் துகள்களைப் பற்றிக்கொண்டு மண்ணை இறுகச் செய்யும். முன்னதற்கு வடிகாலும் நல்ல நீரும், பின்னதற்கு ஜிப்சமும் தேவை. இச்சீர்திருத்தங்களுக்குப் பணமும் காலமும் வேண்டும். அதுவரை சிறு விவசாயி எந்த இரகத்தை நம்பிப் பயிரிடுவது?

கோதுமை ஓரளவு உப்பைத் தாங்கும் பயிர். மண்சாற்றின் மின்கடத்து திறன் மீட்டருக்கு 6 டெசிசீமன் என்னும் அளவைக் கடந்தால், கூடும் ஒவ்வோர் அலகுக்கும் விளைச்சல் ஏறத்தாழ 7 விழுக்காடு குறைகிறது என மாஸ், ஹாஃப்மன் ஆகியோர் 1977-இல் கணித்தனர். இதன்படி 10 அலகில் கால் பங்கிற்கு மேல் இழப்பு நேரும். உப்பு மிகுந்தால் வேர் நீரை ஈர்ப்பது கடினமாகிறது. இலையில் சேரும் சோடியம் நஞ்சாகிறது. சோடியத்தைத் தடுத்துப் பொட்டாசியத்தை ஏற்கும் இரகங்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன.

இராஜஸ்தானின் பாலி மாவட்டத்து 'கார்ச்சியா' கோதுமை இத்தகையது. ஆயினும் அது உயரமாக வளர்ந்து சாயும், துருநோய்க்கு இலக்காகும். அதன் வழிவந்த 'கார்ச்சியா 65' இரகத்தை 'டபிள்யூ.எல். 711' இரகத்துடன் இணைத்து, கர்னாலிலுள்ள மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம் 'கே.ஆர்.எல். 1-4' என்ற இரகத்தை உருவாக்கியது. இது 1990-இல் வெளியிடப்பட்டது. 2000-இல் 'கே.ஆர்.எல். 19' வந்தது.

இரகங்களை ஒப்பிடுவதற்குச் சராசரி விளைச்சல் மட்டும் போதாது. ஓர் எடுத்துக்காட்டு: நல்ல நிலம், இடைநிலை நிலம், உவர் நிலம் ஆகியவற்றில் 'அ' இரகம் ஹெக்டேருக்கு முறையே 50, 30, 10 குவிண்டாலும், 'ஆ' இரகம் 38, 32, 26 குவிண்டாலும் தருவதாகக் கொள்வோம். சராசரி 30, 32, வேறுபாடு சிறிதே. ஆனால் உவர் நிலத்தில் 'அ' இரகத்தை விதைத்தவர் சாகுபடிச் செலவைக்கூட மீட்பது அரிது. எபர்ஹார்ட், ரஸ்ஸல் ஆகியோர் 1966-இல் வகுத்த முறை, சராசரியுடன், சூழல் மாறும்போது விளைச்சல் மாறும் வீதத்தையும், அவ்வீதத்திலிருந்து விலகும் அளவையும் கணக்கிடுகிறது. இங்கு அவ்வீதம் 'அ'வுக்கு 1.54, 'ஆ'வுக்கு 0.46.

ஒரே வயலிலும் உப்பு திட்டுத்திட்டாக மாறுபடும். மழை, பாசன நீர் ஆகியவற்றைப் பொறுத்து ஆண்டுதோறும் வேறுபடும். ஆகவே, ஆராய்ச்சிப் பண்ணையின் ஓராண்டு விளைச்சலைக் கொண்டு இரகத்தைப் பரிந்துரைத்தல் பொருந்தாது. மண் பரிசோதனை முதற்படி. பல ஆண்டுகள், பல விவசாயிகளின் வயல்களில் நிகழ்த்தும் சோதனை அடுத்த படி. எனினும், தாங்கும் இரகம் மண்ணிலுள்ள உப்பை அகற்றிவிடாது. நிலச் சீர்திருத்தம் நிறைவேறும்வரை விவசாயியின் குறைந்தபட்ச வருவாயைக் காப்பதே அதன் பணி.